நடக்காத வியாழன்

செவ்வாய் இரவு நபிண்டு கூப்பிட்டாள்.
ருசிசி ஆற்றின் மேற்குக் கரையில்
மீன் விற்பவள்.
"அக்கரைக்காரர்கள் ஆட்டைப் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள்."
மீன்காரிக்கு ஆட்டு விலை எதற்கு என்றேன்.
"சினை ஆட்டை எவன் விற்பான்?
ஓடப்போகிறவன் விற்பான்."
போனில் சில்லறை எண்ணும் சத்தம்.

ஜெனீவாவில் என் மேசை மூன்றாம் மாடியில்.
ஏரி தெரிகிற சன்னல்கள் பெரியவர்களுக்கு.
எனக்கு வாகன நிறுத்தம் தெரியும்.
கிருண்டியிலிருந்து பிரெஞ்சுக்கு,
மணிக்கணக்கில் கூலி.

புதன் காலை
கிழக்குக் கரை வானொலியின் பதிவு வந்தது.
நல்ல குரல். சின்னப் பையன்.
சிரித்துக்கொண்டே சொல்கிறான்:
"நாளைக்கு வேலை இருக்கிறது.
எல்லோரும் கருவியோடு வந்துவிடுங்கள்."
பிறகு பாட்டுப் போட்டுவிட்டான்.

அகராதியில் வேலை என்றால் வேலைதான்.
வாய்க்கால் வெட்டலாம்,
பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாம்.
என் அண்ணன் நிசிகமாவையும்
வேலை இருக்கிறது என்றுதான் கூப்பிட்டார்கள்.
பக்கத்து வீட்டுக் குரல்தானே என்று
செருப்புக்கூட மாட்டாமல் போனான்.

"அடிக்குறிப்புப் போட அனுமதியில்லை" என்றாள்
லீஸ்பெட், எஸ்தோனியாக்காரி, என் மேலதிகாரி.
சொல்லை மட்டும் தூக்கு,
சுமையைத் தூக்காதே என்பது விதி.
கோப்பைக் கழுவப் போனவள்
வாசலில் திரும்பினாள்:
"அனுமதியில்லை என்றேன்.
போடாதே என்று சொல்லவில்லை."

போட்டேன். ஒரே வரி.
இங்கே வேலை என்பது ஆட்களை முடிப்பது.

அந்த வரி எங்கெல்லாம் போனதென்று
எனக்கு முழுதாகத் தெரியாது.
உருகுவே லெப்டினன்ட் எச்செவெரிக்கு
ஆற்றைக் கடக்க உத்தரவில்லை;
விளக்குப் போடத் தடையுமில்லை.
எட்டு லாரிகளைக் கரையோரம் நிறுத்தி
முகவிளக்குகளைக் கிழக்கே திருப்பினான்.
விடியும்வரை இஞ்சின் அணையவில்லை.
வானொலிக்கு டீசல் கொண்டுபோன வண்டி
எல்லையில் ஏதோ காகிதம் குறைகிறதென்று நின்றது.
எந்தக் காகிதம்?
நிறுத்திய தான்சானியச் சுங்கக்காரனுக்கே தெரியாது.
லுசாகாவிலிருந்து ஒரு பெண் தூதர்
அக்கரை ஆளுநரை நள்ளிரவில் எழுப்பி
ஒன்றே ஒன்று கேட்டாராம்:
"உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்,
தப்பில்லாமல் பதிந்துகொள்ள வேண்டும்."

நியூயார்க்கில் கூட்டத்தைத்
திங்கட்கிழமைக்கு வைத்திருந்தார்கள்.
ஒரு பெயரடையில்
இன்னும் உடன்பாடு வரவில்லை.

வியாழன்
மழையும் பெய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்,
மழைதான் காப்பாற்றியது என்பவர்கள் இருக்கிறார்கள்.
இருக்கலாம்.
மலை வளைகிற இடத்தில் மூன்று வீடுகள்.
விளக்கு அங்கே எட்டவில்லை.
பதினான்கு பெயர்கள்.
ஒவ்வொன்றையும் நானே பிரெஞ்சில் எழுதினேன்.
கடைசிப் பெயருக்கு வயது எட்டு மாதம்.

ஆண்டு முடிவில் ஒரு படிவம் வந்தது.
இறந்தோர் கட்டத்தில் பதினான்கு என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: காக்கப்பட்டோர், எண்ணிக்கையில்.
ஆதாரம் இணைக்கவும்.
வெட்டப்படாத கழுத்தை எப்படி இணைப்பது?
யாரும் மாலை போடாத கல்லை
எந்த ஊரில் நட்டுக் காட்டுவது?
ஆதாரமில்லாவிட்டால்
அடுத்த ஆண்டு இரவுப் பணி கிடையாது என்கிறார்கள்.

பேனாவோடு உட்கார்ந்திருந்தபோது
நபிண்டு கூப்பிட்டாள். கோபம்.
மலிவாகக் கிடைத்ததென்று அன்றைக்கு
அவளும் ஒரு சினை ஆட்டை வாங்கியிருக்கிறாள்.
இப்போது விற்றவன் வந்து நிற்கிறான்,
அதே காசுக்குத் திருப்பிக் கொடு என்கிறான்.
"இவ்வளவு நாள் தீனி போட்டது யார்?
குட்டி இரண்டும் என் வீட்டில் பிறந்தது!"

பின்னால் ஓர் ஆணின் குரல்,
அவளைவிட உரக்க.
கொஞ்சம் பொறு, போனை வைக்காதே என்றேன்.
அவன் கத்திக்கொண்டே இருந்தான்.
படிவத்தை மூடிவிட்டுக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.